ஸ்பைடர், இரும்புக்கை மாயாவி: பெயர் போடாத ஓவியர்களை அடையாளம் காண்பது எப்படி? பழைய இதழ்களைக் காப்பது எப்படி?

தாள்மணம் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். பழைய காமிக்ஸ் கட்டு ஒன்றை வகைப்படுத்தி வைக்க உதவி வேண்டும். உள்ளே இருப்பவை: 1963 முதல் 1969 வரையிலான வேலியன்ட், லயன் என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழ்கள் 43, கையடக்கக் கதைப் புத்தகங்களான ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி 6, வார் பிக்சர் லைப்ரரி 11, பழைய முத்து காமிக்ஸ் இருபதுக்கு மேல். (இங்கே லயன் என்று நான் சொல்வது லண்டனில் வந்த வார இதழை. நம் லயன் காமிக்ஸ் 1984-இல்தான் தொடங்கியது.)

எந்த இதழிலும் ஓவியர் பெயர் இல்லை. ஒவ்வொரு கதைக்கும் வரைந்தவர் பெயரைக் குறித்து ஒரு பட்டியல் போட ஆசை. மாயாவி என்றால் பிளாஸ்கோ, ஸ்பைடர் என்றால் ரெக் பன் என்று எழுதிக்கொண்டே போகலாமா, அல்லது பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டுமா?

இரண்டாவது சந்தேகம். ஸ்பைடர் கதை ஆங்கில வார இதழில் ஒரு மாதிரியும் சிறு வடிவப் பதிப்பில் வேறு மாதிரியும் தெரிகிறது. அங்கே நிழலில் நுணுக்கமான கோடுகள், இங்கே மைத்திட்டு. குறை எங்கே?

மூன்றாவது, தாள்களின் நிலை. விளிம்பெல்லாம் பழுப்பு, ஸ்டேபிள் துருப்பிடித்திருக்கிறது, சில பக்கங்களில் யாரோ செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்வதா, முதலில் பழுது பார்ப்பதா?

---

கட்டம்பார்ப்பவர்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும் ஐயா.

வேலியன்ட், லயன் மாதிரி ஃப்ளீட்வே நிறுவனத்தின் அந்தக் காலச் சிறுவர் இதழ்களில் ஓவியர் பெயரும் எழுத்தாளர் பெயரும் போடும் வழக்கமே இல்லை. ஓவியர் மூலையில் கையெழுத்திட்டு அனுப்பினாலும் அலுவலகத்தில் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். செய்தித்தாள் தொடர்களில் இந்த நிலை இல்லை. ரிப் கிர்பியில் அலெக்ஸ் ரேமண்ட் கையெழுத்தும் மாடஸ்டியில் ஹோல்டவே கையெழுத்தும் கட்டத்துக்குள்ளேயே இருக்கும். இந்த வகை வார இதழ்க்காரர்களுக்கு அந்த மரியாதை வந்தது 1977-இல்தான். 2000 ஏடி இதழ் தன் 36-ஆம் எண்ணிலிருந்து கதை, ஓவியம், எழுத்து யார் யார் என்று சிறு பெட்டியில் போடத் தொடங்கியது. அதே இதழின் முதல் எண்ணில் வந்த 'இன்வேஷன்' தொடரின் முதல் பகுதியை வரைந்தவர் நம் மாயாவி ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அங்கேயும் அவர் பெயர் இல்லை.

இனி பிளாஸ்கோ. பார்சலோனாக்காரர், 1919-இல் பிறந்து 1995-இல் இறந்தார். 'கூட்டோ' என்ற சிறுவன் பாத்திரத்தை 1935-இல், பதினாறு வயதுகூட நிரம்பாதபோது உருவாக்கியவர். நம் இரும்புக்கை மாயாவியின் மூலமான 'தி ஸ்டீல் க்ளா' வேலியன்ட்டின் முதல் இதழிலேயே, 1962 அக்டோபர் 6 அன்று, தொடங்கியது. கதை முதலில் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. தமிழில் மாயாவி முதலிலிருந்தே நல்லவராகத்தான் மனதில் பதிந்திருக்கிறார். மூலத்தில் லூயிஸ் கிராண்டல் ஒரு ஆய்வக உதவியாளன். விபத்தில் மின்சாரம் பாய்ந்து உடல் மறைய, வலக்கை இருந்த இடத்தில் பொருத்திய இரும்புக்கை மட்டும் வெளியே தெரிகிறது. அவன் உடனே இறங்குவது குற்றத்தில்தான். நிழல்படை உளவாளி வேடமெல்லாம் பின்னால் வருவது. அதனால் பட்டியலில் இதழின் தேதியை விடாமல் குறியுங்கள். கதை யாருடையது என்ற கேள்விக்கும் தேதிதான் வழிகாட்டும்.

பிளாஸ்கோவைக் கண்டுபிடிக்க கதாநாயகன் முகத்தைப் பார்க்காதீர்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். மாற்று ஓவியர் வரும்போது ஆசிரியர் பழைய பக்கங்களை மாதிரிக்குக் கொடுப்பார். முகத்தை அவர் அப்படியே பிடித்துவிடுவார். யாரும் மாதிரி தராத இடங்களைப் பாருங்கள்: இடக்கை விரல்கள், காது, சட்டை முழங்கையில் விழும் மடிப்பு, கூட்டத்தில் பின்னால் நிற்பவர், தெருவிளக்குக் கம்பம். பிளாஸ்கோ பக்கத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று விரலால் சுட்டிக்காட்டிவிடலாம். முகத்தின் பாதியைக் கறுப்பில் முக்கியிருப்பார், அந்தக் கறுப்பின் விளிம்பு எலும்பின் மேல் சரியாக ஓடும். பின்னால் நிற்கும் போலீஸ்காரர் மூன்று பேர் என்றால் மூன்று முகமும் மூன்று ஆளாக இருக்கும். போலச் செய்தவர் பக்கத்தில் கறுப்பு அதே அளவு இருக்கும், ஆனால் இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் வருவதுபோல் நிழல் குழம்பும். பின்னால் நிற்பவர்களும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் மாதிரி இருப்பார்கள்.

இன்னொரு சிக்கல் உண்டு. பிளாஸ்கோ குடும்பமே ஓவியக் குடும்பம். அலெஹாண்ட்ரோ, அட்ரியானோ, ஔகுஸ்டோ என்ற தம்பிமார், பிலார் என்ற சகோதரி, எல்லோரும் காமிக்ஸ் வரைந்தவர்கள். உருவம் ஒருவருடையதாகவும் பின்புலம் இன்னொருவருடையதாகவும் தோன்றினால் இரண்டையும் குறியுங்கள். "பிளாஸ்கோ பட்டறை" என்று எழுதுவதில் தவறே இல்லை.

சூப்பர் லைப்ரரி ஆறையும் தனியாக எடுத்து வையுங்கள். 1967-இல் தொடங்கிய அந்த வரிசை மிக வேகமாக நிரப்பப்பட்டது. மாயாவி, ஸ்பைடர், ஜானி நீரோ எல்லாம் அதில் உண்டு. ஆனால் அங்கே ஸ்பைடரை வரைந்தவர் ரெக் பன் அல்ல. மாயாவியும் பெரும்பாலும் வேறு கைகள்தான். வார இதழ் ஓவியர் வாரம் இரண்டு மூன்று பக்கம் வரைவதற்கே நேரம் போதாது. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கத்துக்கு எங்கே போவார்? அதனால் ஸ்பெயின், இத்தாலி முகவர்கள் வழியாக வேறு ஓவியர்களிடம் போயிற்று. உறுதியாகத் தெரியாத இடத்தில் "பெயர் தெரியாத ஓவியர்" என்றே எழுதுங்கள். ஊகத்தைப் பெயராக எழுதிவிட்டால் அடுத்தவர் அதை நகலெடுப்பார். பிறகு அதை அழிக்கவே முடியாது.

---

மைக்கோடு

ஸ்பைடர் பகுதிக்கு வருகிறேன். ரெக் பன்னைப் பற்றிப் பேசவே ஆள் கிடைப்பதில்லை. கேட்டதற்கு நன்றி.

லயனில் ஸ்பைடர் தொடங்கியது 1965 ஜூன் 26. முதல் கதைகள் டெட் கோவன், அடுத்த ஆண்டிலிருந்து ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான அதே சீகல். ஆர்டினி, பெல்ஹாம் இருவரையும் சேர்த்துக்கொண்டு குற்றச் சக்கரவர்த்தியாகக் கிளம்புகிறவன், பிறகு குற்றவாளிகளை வேட்டையாடுகிறவனாக மாறுகிறான். தொடர் 1969 ஏப்ரலில் முடிகிறது. ரெக் பன் 1971-இல் காலமானார். அதற்கு முன் திரில்லர் காமிக்ஸ் வரிசையில் ராபின் ஹூட் வரைந்தவர். அந்தக் காட்டு மரப்பட்டையில் பழகிய பேனாதான் ஸ்பைடரின் கோட்டை மாளிகைச் சுவரையும் வரைந்திருக்கிறது.

பிளாஸ்கோ தூரிகையால் இருட்டைப் பூசுகிறவர் என்றால், ரெக் பன் பேனாவால் இருட்டைப் பின்னுகிறவர். கூர்முனைப் பேனாவில் இணைகோடுகளை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் சாய்வாக இன்னொரு வரிசை, தேவைப்பட்டால் மூன்றாவது. ஸ்பைடரின் கன்னம், கோட்டின் உட்புறம், அவனுடைய பறக்கும் வண்டியான ஹெலிகாரின் அடிப்பாகம் மூன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கோடு போகும் திசை வேறு. பரப்பு வளைந்தால் கோடும் வளையும். அவர் கை என்பதற்கு இதுதான் அத்தாட்சி. மாற்று ஓவியர் பக்கத்தில் கோடுகள் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே சாய்வில், மழை பெய்தது மாதிரி.

சிறு வடிவத்தில் அது ஏன் திட்டாகிறது என்பதற்குக் கணக்கு எளிது. வார இதழில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டர் வெள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை 60 சதவீதமாகச் சுருக்கினால் அது 0.18 ஆகும். மட்டமான தாளில் மை ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் 0.04 அளவு பரவினாலே மிச்சம் 0.1. இதற்கு மேல் ஒரு நகலைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து தட்டு செய்தால் அந்த 0.1-உம் அடைந்துபோகும். கோடு போன இடத்தில் கறுப்பு நிற்கும். மெல்லிய கோடுகளுக்கு எதிர் விபத்து நேரும்: படமெடுக்கும்போது வெளிச்சம் அதிகமானால் அவை காணாமலே போய், கன்னம் வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிடும். ஆக அச்சகத்தை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பெரிய பக்கத்துக்கென்று வரைந்த ஓவியம் சிறிய பக்கத்துக்குள் போகும்போது வரும் இழப்பு இது. பிளாஸ்கோ இந்தச் சோதனையில் நன்றாகத் தாங்கினார், ஏனென்றால் அவர் கறுப்பும் வெள்ளையும் பெரிய பரப்புகள். மாயாவி தமிழ்நாட்டில் அப்படி ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டங்களையும் பாருங்கள். வார இதழ்த் தொடரில் ஒவ்வொரு பகுதியும் "முன்கதை" சொல்லும் ஒரு கட்டத்தோடு தொடங்கும். புத்தகமாக்கும்போது அதை நீக்க வேண்டும். நீக்கினால் பக்கத்தில் ஓட்டை விழும். அதை நிரப்பப் பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தை யாராவது நீட்டி வரைவார்கள், அல்லது பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவார்கள். நீட்டி வரைந்த பகுதியில் கோட்டின் தடிப்பு சட்டென்று மாறும். ஒரே சுவரில் பாதிச் செங்கல் நுணுக்கமாகவும் பாதி மொக்கையாகவும் இருந்தால் அது ஓவியர் கை அல்ல, ஒட்டுவேலை. தமிழில் இன்னொன்றும் சேர்கிறது: பேச்சுக்குமிழி. நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது தமிழில் இரண்டு வரி கேட்கும். குமிழியைப் பெரிதாக்கினால் அது ஓவியத்தைத் தின்னும். அதனால் பட்டியலுக்கு ஆங்கில இதழை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ப் பதிப்பைத் தனி வரியில் குறியுங்கள்.

---

தாள்மணம்

மிக்க நன்றி. உடனே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு சூப்பர் லைப்ரரியில் கோடு நிஜமாகவே "மழை" மாதிரிதான் இருக்கிறது! வேலியன்ட்டில் 'கெல்லிஸ் ஐ', லயனில் 'ரோபோ ஆர்ச்சி' நிறைய உண்டு. அவற்றுக்கும் இதே முறை போதுமா? ஸ்கேன் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. வீட்டில் இருப்பது மெல்லிய வகைக் கேனான் லைடு ஸ்கேனர்.

---

கட்டம்பார்ப்பவர்

ஆர்ச்சி எளிது. லயனின் முதல் இதழிலேயே, 1952 பிப்ரவரி 23, காட்டு ரோபோவாக வந்தவன். 1957-இல் திரும்பி வந்த பிறகு நீண்ட காலம் வரைந்தவர் டெட் கீரன். உருண்டையான, சுத்தமான கோடு, நிழல் குறைவு. உங்கள் இதழ்கள் 1963-க்குப் பிந்தியவை என்பதால் பெரும்பாலும் அவர்தான்.

'கெல்லிஸ் ஐ' கொஞ்சம் கவனம் கேட்கும். ஓவியர் அர்ஜென்டினாவின் பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ். எழுத்தாளர் எஸ்டர்ஹெல்டின் கதைக்கு 1957-இல் 'எல் எதெர்னாவுத்தா' வரைந்து தென்னமெரிக்காவையே கட்டிப்போட்டவர். ஃப்ளீட்வேக்கு ஒரே நேரத்தில் பல தொடர் கொடுத்ததால் உதவியாளர்களை வைத்து வேலை செய்தார். அவர் பக்கங்களில் முகம்தான் நம்பகமான அடையாளம், பின்புலம் அல்ல. பிளாஸ்கோவுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். கண்ணுக்குக் கீழே சுருக்கம், தளர்ந்த தாடை, வியர்வை. வில்லனின் பயம்கூட நிஜமாக இருக்கும். கட்டிடமும் வண்டியும் ஆளுக்கு ஆள் மாறும்.

லயனில் 'கார்ல் தி வைகிங்', 'மேரக் தி மைட்டி' இருந்தால் டான் லாரன்ஸ். பின்னாளில் டிரிகன் எம்பயரையும் ஸ்டார்மையும் வண்ணத்தில் வரைந்தவரின் கறுப்பு வெள்ளைக் காலம் அது. குதிரையின் தசையைப் பார்த்தாலே தெரியும். வேலியன்ட்டில் 'மைடெக்', 'ஹவுஸ் ஆஃப் டால்மன்' என்றால் எரிக் பிராட்பரி பெயரை முதலில் சோதியுங்கள். வார் பிக்சர் லைப்ரரி 11-ஐப் பொறுமையாகப் பாருங்கள். இத்தாலிய ஓவியர் ஹூகோ பிராட் 1959-60 வாக்கில் அந்த நிறுவனத்தின் போர்க் கதைகளை வரைந்திருக்கிறார். அந்த வரிசையில் பழைய கதைகளே புது அட்டையோடு மறுபடி வருவது உண்டு, ஆகவே பிந்திய எண் என்று தள்ளிவிடாதீர்கள். தடித்த கறுப்பு நிழலுருவம், ஒற்றைக் கோட்டில் கடல் என்று கண்ணில் பட்டால் படத்தை இங்கே போடுங்கள். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

---

அறுநூறு

ஸ்கேன். முதலில் ஸ்கேன், பிறகுதான் பழுதுபார்ப்பு. பழுது பார்க்கும்போது ஏதாவது கெட்டால் கோடாவது மிஞ்சும். ஒரே விலக்கு: மடிந்து கிடக்கும் மூலைகளை மட்டும் தட்டையான எலும்புக் கத்தியால் நிமிர்த்திவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

லைடு வகை ஸ்கேனரில் இருப்பது சிஐஎஸ் உணரி. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளை அழகாகப் படிக்கும். தாள் ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கும். அதனால் தனித்தாளுக்குப் போதும், தைத்த புத்தகத்தின் நடு மடிப்புக்குப் போதாது. எப்சன் வி600 மாதிரி, சற்று எழும்பிய தாளையும் தெளிவாகப் படிக்கும் சிசிடி உணரி உள்ளதைச் சில நாள் இரவல் வாங்க முடிந்தால் சூப்பர் லைப்ரரிகளை அதில் செய்யுங்கள். மடிப்புத் தெரிய வேண்டும் என்று புத்தகத்தை அழுத்தாதீர்கள். அறுபது வயதுத் தாள் முதுகிலேயே முறியும்.

600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாதீர்கள். 300-இல் ஒரு புள்ளியின் அகலம் 0.085 மி.மீ. மைக்கோடு சொன்ன ரெக் பன் கோடு 0.1 மி.மீ. இருந்தால் அது ஒற்றைப் புள்ளியில் அகப்பட்டு, பாதி இடங்களில் அறுந்து தெரியும். 600-இல் புள்ளி 0.042, கோட்டுக்கு இரண்டு புள்ளி கிடைக்கும். கறுப்பு வெள்ளைக் கதை என்பதற்காகக் கறுப்பு-வெள்ளை முறையில் ஸ்கேன் செய்யவே கூடாது. எது மை, எது பழுப்பு என்று ஸ்கேனர் அந்த நொடியில் தீர்மானித்துவிடும். பிறகு மாற்ற வழியில்லை. 24 பிட் வண்ணத்தில் எடுங்கள். ஏ4 அளவு ஒரு பக்கம் டிஃப் கோப்பாகச் சுமார் 104 எம்பி வரும். 40 பக்க இதழ் ஒன்றுக்கு 4 ஜிபிக்கு மேல். 43 இதழுக்கு 200 ஜிபி ஒதுக்கி, இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வையுங்கள்.

தாளுக்குப் பின்னால் பளபளப்பில்லாத கறுப்புத் தாள் ஒன்றை வைக்க மறக்காதீர்கள். மெல்லிய தாளில் மறுபக்க ஓவியம் ஊடுருவித் தெரிவது இதனால் பெருமளவு அடங்கும். பக்கம் முழுக்கக் கொஞ்சம் கருத்துத் தெரியும், அதைப் பிறகு சரிசெய்யலாம். ஸ்கேனர் மென்பொருளில் கூர்மை கூட்டுவது, தூசி நீக்குவது, புள்ளி நீக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கும் வசதிக்கு ரெக் பன்னின் சிறு புள்ளியும் தூசியும் ஒன்றுதான். வண்ண அட்டையில் மட்டும் அச்சுப் புள்ளிகளால் அலைக்கோலம் வரும். அதற்கும் 600-இலேயே எடுத்து, பார்ப்பதற்கான நகலைச் சிறிதாக்கும்போது இலேசாக மங்கவைத்தால் போய்விடும்.

பக்கம் ஸ்கேனர் கண்ணாடியைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு தடவையாக எடுங்கள். நடுவில் குறைந்தது 4 செ.மீ. இரண்டிலும் வரட்டும். இரண்டாவது தடவை தாளைத் தலைகீழாகத் திருப்பி வைக்காமல் நகர்த்தி வையுங்கள். திருப்பினால் வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து விழுந்து தாளின் சுருக்க நிழல் ஒட்டாது.

பிறகு ஸ்கேன் டெய்லர் மென்பொருளில் சாய்வு நிமிர்த்தல், ஜிம்ப் மென்பொருளில் லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளை அளவைத் திருத்தும் வசதி). கறுப்பு முனையை 35-45 அளவிலும் வெள்ளை முனையை 190-200 அளவிலும் வைத்துத் தொடங்குங்கள். தாள் பாலாக வெளுக்கும்வரை இழுக்காதீர்கள். வெள்ளை முனையைக் கீழே இழுக்க இழுக்க முதலில் சாவது மெல்லிய கோடுதான். கொஞ்சம் பழுப்பு இருக்கட்டும், அது அந்தத் தாளின் நிறம். மூல டிஃப்பில் கை வைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். படிப்பதற்கு ஜேபெக் 90 தரத்தில் 001, 002 என்று பெயரிட்டு ஜிப் செய்து, பெயரின் முடிவை சிபிஇசட் என்று மாற்றினால் எந்தக் காமிக்ஸ் செயலியும் திறக்கும்.

ஒரு வேண்டுகோள். இந்த நகல்கள் உங்கள் பாதுகாப்புக்கு. இவற்றின் உரிமை இப்போது பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. 2016-இலும் 2018-இலுமாக அந்தக் களஞ்சியத்தை வாங்கி, மாயாவியையும் ஸ்பைடரையும் ஓவியர் பெயரோடு மறுபதிப்புப் போட்டு வருகிறார்கள். பொதுவில் ஏற்றாமல், அந்தப் புத்தகங்களை வாங்கி உங்கள் இதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

பழுப்புத்தாள்

தாள் பற்றி நான். இந்த இதழ்கள் அச்சானது அரைத்த மரக்கூழ்த் தாளில். லிக்னின் (மர நாரைப் பிணைக்கும் பொருள்) நீக்கப்படாத கூழ். வெளிச்சமும் காற்றும் பட்டால் அதுவே அமிலத்தை உண்டாக்கி நாரை அறுக்கும். விளிம்பு முதலில் பழுப்பாவது காற்று அங்கே முதலில் படுவதால். அந்தப் பழுப்பைத் திருப்ப வீட்டில் வழியில்லை. வேகத்தைக் குறைக்கலாம். ப்ளீச், வெயிலில் காயவைப்பது, இஸ்திரி போடுவது மூன்றும் வேண்டாம்.

செலோடேப்பை உரிக்காதீர்கள். காய்ந்து தானே கழன்று கிடப்பதை மட்டும் எடுங்கள். பசை உயிரோடு இருக்கும் டேப்பை இழுத்தால் தாளின் மேற்பரப்பு மையோடு வந்துவிடும், அங்கே ஓவியம் போயிற்று. ஹேர் டிரையர் காட்டி இளக்கலாம் என்று பலர் சொல்வார்கள். சூட்டில் பசை இளகித் தாளுக்குள் இறங்கிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கறையாகும். அதன் பிறகு எடுப்பது மிகக் கடினம்.

கிழிசலுக்கு ஜப்பானிய கோசோ தாள், சதுர மீட்டருக்கு 6 முதல் 10 கிராம் எடை. கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு போட்டு இழுத்துப் பிய்க்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், பிடிப்பும் மென்மையாக இருக்கும். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. அரை மணி ஊறவைத்து, சிறு தீயில் கைவிடாமல் 20-25 நிமிடம் கிளறினால் வெண்மை போய்ப் பளபளப்பாகும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து எடுங்கள். ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கடையில் பைண்டிங் போடுபவர்கள் காய்ச்சும் மைதாப் பசை வேண்டாம். மைதாவில் உள்ள புரதம் கரப்பானையும் இராமபாணப் பூச்சியையும் அழைக்கும். பூச்சிக்காக அதில் போடும் மயில்துத்தம் தாளுக்கு அமிலத்தையும் செம்பையும் சேர்த்துப் பழுப்பை விரைவுபடுத்தும்.

பசை கூடிய மட்டும் வறண்டிருக்கட்டும். தாளில் நீர் பரவினால் கரைந்த பழுப்பெல்லாம் நீரின் ஓரத்துக்கு நகர்ந்து தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு நிற்கும். புதியவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஒட்டியதும் மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே மை ஒற்றும் தாள், அதன் மேல் கனமான புத்தகம். பத்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றி, மறுபடி ஒரு மணி நேரம் வையுங்கள். முதலில் மதிப்பில்லாத பழைய செய்தித்தாளில் பத்துக் கிழிசல் ஒட்டிப் பழகிவிட்டு இதழைத் தொடுங்கள்.

துருப்பிடித்த ஸ்டேபிளை வெளிப்பக்கமிருந்து நெம்பக் கூடாது. நடுப் பக்கத்தைத் திறந்து, கால்களுக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, அதன் மேல் தட்டைக் கத்தியை வைத்துக் கால்களை நேராக நிமிர்த்துங்கள். பிறகு பின்பக்கமிருந்து மெல்ல வெளியே எடுங்கள். துரு தாளோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் குறட்டால் கம்பியை இரண்டாக நறுக்கி எடுங்கள். அதே துளைகளில் வெள்ளை லினன் நூல் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

வைப்பதற்குப் பாலியெஸ்டர் உறை, 50 மைக்ரான். பிவிசி கூடவே கூடாது, அதிலிருந்து வரும் ஆவி மையை இளக்கி உறையோடு ஒட்டும். உள்ளே 3 சதவீதம் கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டை ஒன்று. நாலு பக்கமும் மூடி ஒட்டிவிடாதீர்கள். அமிலத் தாள் காற்றே இல்லாமல் அடைபட்டால் தன் ஆவியிலேயே இன்னும் வேகமாகக் கெடும். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம் நல்லது. கடலோர ஊர்களில் அது நடக்காத காரியம், 60-ஐத் தாண்டாமல் பார்த்தாலே பூஞ்சை வராது. ஒரு சின்ன ஈரமானியைப் பெட்டிக்குள் வையுங்கள். சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், பரணும் வேண்டாம்.

---

மைக்கோடு

பழுப்புத்தாள் சொன்னதில் ஒரே இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. ஸ்டேபிளில் துரு மேலாக மட்டும் இருந்தால் எடுக்க வேண்டாம் என்பேன். அந்தத் துளையும் கம்பியின் வடிவமும் இதழ் எங்கே எப்படித் தைக்கப்பட்டது என்பதற்குச் சான்று. தாளில் பழுப்பு வட்டம் பரவத் தொடங்கியிருந்தால் மட்டும் எடுங்கள்.

---

பழுப்புத்தாள்

வறண்ட ஊர் என்றால் சரி. கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலத்திலேயே மேல்துரு உள்ளே போய்விடும். எடுத்த கம்பியைச் சிறு உறையில் போட்டு, இதழின் தேதியை எழுதி வைத்துவிட்டால் சான்றும் இருக்கும், தாளும் பிழைக்கும்.

பூச்சி பற்றி விட்டுப்போயிற்று. அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி உறையில் படியும், மூச்சுக்கும் கேடு. இதழ்க் கட்டுக்குள் பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தால் இதழைக் காற்று நீக்கிய பையில் இறுக மூடி, வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படிந்துவிடும்.

---

தாள்மணம்

எல்லோருக்கும் நன்றி. வரிசை இப்படி வைத்துக்கொள்கிறேன்: தேதிவாரியாக அடுக்குவது, 600-இல் ஸ்கேன், பிறகு டேப் இல்லாத கிழிசல்கள் மட்டும். டேப் ஒட்டிய ஒன்பது பக்கங்களை அப்படியே விடுகிறேன். பட்டியலில் ஓவியர் பெயருக்குப் பக்கத்தில் "எதை வைத்துச் சொல்கிறோம்" என்று ஒரு பத்தியும் சேர்க்கிறேன்.

வார் பிக்சர் லைப்ரரி ஒன்றில் கடல் காட்சி இருக்கிறது. அலைக்கு மூன்றே கோடு, கப்பல் முழுக்கக் கறுப்பு. நாளை ஸ்கேன் செய்து போடுகிறேன். கட்டம்பார்ப்பவர் ஐயா அவசியம் பார்க்க வேண்டும்.

---

கட்டம்பார்ப்பவர்

போடுங்கள். அட்டையையும் முதல் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள், இதழ் எண் தெரிய வேண்டும். மனித முகம் பெரிதாக வரும் கட்டம் ஒன்றும் வேண்டும். கடலை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன்.